வயதானவர்கள் சொந்த வீட்டிலேயே வாழ ஒரு சிறு நகரம் என்ன செய்யலாம்?

பெரிய நிதி இல்லாத ஒரு சிறு நகரம், வயதானவர்கள் தங்கள் வீட்டிலேயே தொடர்ந்து வாழ எப்படி உதவலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பணத்தைக் குளியலறையில் போடுங்கள் என்பேன்.

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் முதியோருக்கு உகந்த நகரங்கள் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. போக்குவரத்து, வீட்டு வசதி, பொது இடங்கள், மருத்துவம் என்று எட்டுத் துறைகள் அதில் உண்டு. நல்ல வழிகாட்டிதான். ஆனால் சிறு நகரம் எட்டையும் ஒன்றாகத் தூக்கினால் எதையுமே முடிக்காது.

குளியலறையை ஏன் சொல்கிறேன் என்றால், நடமாடிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று வீட்டில் தனியாக இருக்க முடியாமல் போவதற்குப் பல சமயம் ஒரே ஒரு தடவை விழுந்ததுதான் காரணம். என் அம்மா இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். அந்தக் கம்பி துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. சுவரில் ஆழமாகத் துளை போட்டு இறுக்கிய கைப்பிடி ஒன்று, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவில் எரியும் சின்ன விளக்கு, வழுக்காத தரை, நிலைப்படியில் தடுக்காத சரிவு, இவ்வளவுதான் தேவை. சாமான் செலவு பெரிதில்லை, ஆனால் அரை மணி நேர வேலைக்கு வேலையாள் கிடைப்பதுதான் கஷ்டம், கிடைத்தாலும் வயதானவர்கள் வீட்டுக்குள் யாரென்று தெரியாத ஒருவரை விடத் தயங்குவார்கள். அதனால் நகராட்சியே ஒரு தச்சர், ஒரு பிளம்பர் என்று சின்னக் குழு வைத்து, அடையாள அட்டையோடு தெருத் தெருவாக அனுப்ப வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அடுத்தது வெளியே போய் வருவது. சாலையைக் கடக்கும் சிக்னலைப் பல நாடுகளில் வினாடிக்குச் சுமார் 1.2 மீட்டர் நடப்பவரை மனதில் வைத்து அமைக்கிறார்கள். 12 மீட்டர் அகலச் சாலைக்கு அது 10 வினாடி. வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒருவருக்கோ 15 வினாடி வேண்டும், பச்சை அணையும்போது அவர் நடுச்சாலையில் இருப்பார். சிங்கப்பூரில் 2009-இலிருந்து முதியோர் தங்கள் அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு கூடுதல் நேரம் எரிகிறது. சிறு நகரத்தில் சிக்னல்கள் குறைவு என்பதால் நேரத்தையே எல்லோருக்கும் கூட்டிவிடலாம். அப்புறம் மருத்துவமனைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போகிற வழியில், முதுகு சாயவும் கையூன்றி எழவும் வசதியுள்ள பெஞ்சுகள், ஒரு சுத்தமான கழிப்பறை. கழிப்பறை இல்லை என்பதற்காகவே வெளியே வருவதை நிறுத்திக்கொண்டவர்கள் நிறையப் பேர், கேட்டால் முட்டிவலி என்பார்கள்.

மூன்றாவது, யாரைக் கூப்பிடுவது என்ற குழப்பம். மருத்துவம் ஒரு அலுவலகம், உதவித்தொகை இன்னொன்று, வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் வேறொன்று என்று இருந்தால் எண்பது வயதில் யாராலும் அலைய முடியாது. ஜப்பானில் 2006-இலிருந்து அந்தந்தப் பகுதிக்கென்று ஆதரவு மையங்கள் இருக்கின்றன. பொது சுகாதாரச் செவிலியர், சமூகப் பணியாளர், பராமரிப்பைத் திட்டமிடுபவர் மூவரும் ஒரே இடத்தில். சிறு நகரத்துக்கு இப்படி ஒரு மையமும் ஒரே ஒரு தொலைபேசி எண்ணும் போதும், ஆனால் அந்த எண்ணில் பேசுவது மனிதராக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நெதர்லாந்தில் 2006-இல் தொடங்கிய பியூர்ட்சோர்க் அமைப்பிலும் இதே எண்ணம்தான்: அதிகபட்சம் 12 பேர் கொண்ட செவிலியர் குழு ஒரு வட்டாரத்தை முழுதாகக் கவனிக்கிறது, அதனால் பழகிய முகங்களே வீட்டுக்கு வருகின்றன.

தனியாக இருப்பவர்களை எட்டிப் பார்ப்பதற்குப் புதிதாக ஆள் எடுக்க வேண்டியதில்லை. பிரான்சில் 2017-இலிருந்து தபால்காரர்களே, கட்டணச் சேவையாக, முதியவர்களின் வீட்டுக்குப் போய் நலம் விசாரிக்கிறார்கள். எல்லாத் தெருவுக்கும் ஏற்கெனவே யாரோ ஒருவர் போய்க்கொண்டுதான் இருக்கிறார். இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். பார்க்கப்படுபவரின் சம்மதத்தோடுதான் இதைச் செய்ய வேண்டும், தனியாக இருப்பவர்களின் பட்டியல் வெளியே போகவே கூடாது. அது திருடர்களுக்கு வழி காட்டிவிடும்.

கடைசியாக, பெரும்பாலான திட்டங்களில் விட்டுப்போகிறவர்: வீட்டில் பார்த்துக்கொள்பவர். பல வீடுகளில் அவருக்கே எழுபது வயதுக்கு மேல் இருக்கும், இரவுத் தூக்கமும் கிடையாது. வாரத்தில் ஒரு பிற்பகல், பயிற்சி பெற்ற ஒருவர் வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டால் அவர் தன் மருத்துவரையாவது போய்ப் பார்க்கலாம். நகராட்சியில் உங்கள் பேச்சு எடுபடும் என்றால் கைப்பிடிக்கு அடுத்து இதைத்தான் கேளுங்கள், ஏனென்றால் அவர் படுத்துவிட்டால் அந்த வீட்டில் இரண்டு பேருமே வெளியேற வேண்டியதாகிவிடும்.