பொற்கவசக் கிழவர்: வாசகர் கேள்விகள்

பெர்லின் ஓவியக்கூடத்தில் ஒரு படம் இருக்கிறது. தாழ்ந்த பார்வையோடு ஒரு கிழவர், தலையில் பொன்னிறக் கவசம். ஏறத்தாழ 1650-ல் வரையப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் பெரும் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் படம் என்று பல தலைமுறைகள் கொண்டாடின. 1985-ல், வரைந்தது அவர் அல்ல என்று அறிவித்தார்கள். இன்றுவரை வரைந்தவர் பெயர் தெரியாது. அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: கவசத்தில் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்களா?

ரேக்கும் இல்லை, தங்கமும் இல்லை. எண்ணெய் வண்ணம்தான். அதைக் கூழ் போல் கெட்டியாக அப்பி, மேடும் பள்ளமுமாக விட்டிருக்கிறார். ஒளி அந்த மேடுகளில் பட்டுத் தெறிக்கிறது.

கேள்வி: கிழவர் யார்?

ரெம்பிராண்டின் அண்ணன் அட்ரியான் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆதாரம் கிடையாது. அன்றைய டச்சு ஓவியர்கள் ஒருவரை உட்காரவைத்து, பழைய கவசமோ தலைப்பாகையோ மாட்டி, முதுமை, வீரம், சோகம் என்று ஒரு முகபாவத்தை வரைவார்கள். அந்த வகைக்கு ‘ட்ரோனி’ என்று பெயர். உட்கார்ந்தவர் யார் என்று வாங்குகிறவர் கேட்கமாட்டார்.

கேள்வி: ரெம்பிராண்ட் இல்லை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

படத்தை அணு உலையில் வைத்து நியூட்ரான்களால் தாக்கினார்கள். பயப்படாதீர்கள், படம் கெடாது. நிறமிகள் சிறிது காலம் கதிர்வீசும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு: பழுப்பு நிறத்திலுள்ள மாங்கனீசின் கதிர்வீச்சு இரண்டரை மணி நேரத்தில் பாதியாகிவிடும்; சிவப்பிலுள்ள பாதரசத்துக்கு மூன்று நாள் போல ஆகும்; எலும்பைக் கரியாக்கி எடுக்கும் கருப்பிலுள்ள பாஸ்பரசுக்கு இரண்டு வாரம். வெவ்வேறு நேரத்தில் படத்தின் மேல் ஃபிலிம் வைத்து எடுத்தால், கீழே மறைந்திருக்கும் வேலை தனித்தனியாகத் தெரியும்.

ஆனால் இயந்திரம் பெயர் சொல்லாது. தீர்ப்பு சொன்னது கண்தான். கவசத்தில் வண்ணத்தை வாரி இறைத்தவர், முகத்தில் மெலிதாகத் தடவி நிழலில் விட்டுவிட்டார். ரெம்பிராண்டின் மற்றப் படங்களில் இப்படித் தொப்பி முகத்தை விழுங்குவதில்லை. எனக்கும் அந்த வாதம் சரியாகவே படுகிறது.

கேள்வி: அப்படியானால் போலியா?

இல்லவே இல்லை. போலி என்றால் ஏமாற்றும் எண்ணம் வேண்டும். ஆசிரியரைப் போலவே வரைவதுதான் ரெம்பிராண்டின் பட்டறையில் பாடம். ஃபெர்டினான்ட் போல் (Bol), கோவர்ட் ஃபிளிங்க் போன்ற மாணவர்கள் அங்கே தேறியவர்கள். அந்த வட்டத்தில் யாரோ ஒருவர் கை இது.

கேள்வி: விலை சரிந்ததா?

1897-ல் பெர்லினுக்கு வாங்கிய படம். விற்கப்போவதில்லை, விலை பேசி என்ன பயன்?

கேள்வி: நேரில் போனால் எதைப் பார்ப்பது?

படம் ஒன்றரை முழ உயரம்தான். கிட்டே போனதும் கவசம் கண்ணைப் பறிக்கும். கையை நீட்டிப் பிடித்து அதை மறைத்துவிட்டு, கீழே இருக்கும் முகத்தை மட்டும் பாருங்கள். களைத்துப்போன ஒரு கிழவர் அங்கே இருக்கிறார். காவலாளி முறைத்தால் கையை இறக்கிவிடுங்கள்.