எல்லாம் டிரைவர் செய்த தப்பா?

கேள்வி: விபத்து நடந்தால் போலீஸார் இப்போது செல்போனில் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். செத்தவர்களை எண்ணி என்ன ஆகப்போகிறது? வேகமாகப் போகிறவன் சாகிறான். அவனைத் திருத்துவதை விட்டுவிட்டு இந்தப் புள்ளிவிவரம் எதற்கு?
— வாசகர், பாலக்கோடு

பதில்: வேகமாகப் போகிறவன்தான் சாகிறான் என்றால், தர்மபுரி-சேலம் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயில் லாரிக்கு முன்னால் ஒழுங்காகப் போன காரில் இருந்தவர்கள் ஏன் செத்தார்கள்?

நீங்கள் சொல்வதைத்தான் அரசாங்கக் கணக்கும் சொல்கிறது. 2022-இல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்துக்கு ஏழு சாவுக்குக் காரணம் ‘அதிவேகம்’ என்று பதிவாகியிருக்கிறது. விபத்துப் படிவத்தில் அந்தக் ‘காரணம்’ கட்டத்தை நிரப்புவது காவல் நிலையம். யார் மேல் வழக்கு என்பதுதான் அங்கே முதல் கவலை. டிரைவர் மேல் எப்.ஐ.ஆர். போடலாம், வளைவின் மேல் போட முடியுமா? சாலையைத் தரமாக அமைக்காதவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 198ஏ பிரிவு இருக்கிறது. நம் பக்கத்தில் யாராவது கட்டியதாகக் கேள்விப்பட்டால் எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.

‘காரணம்’ கட்டத்தை விட்டுவிட்டு எந்த இடம், எந்தத் திசை, என்ன வண்டி என்று மட்டும் பாருங்கள். தொப்பூரில் 2020 டிசம்பரில் லாரி மோதி வண்டிகள் வரிசையாக நொறுங்கின. 2024 ஜனவரியில் மறுபடியும். டிரைவர் வேறு, லாரி வேறு, ஆனால் அதே சேலம் பக்க இறக்கம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுகிறார்கள். இன்ஜின் பிடிமானம் போய்விடுகிறது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகிறது. தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் யார் யாரோ வந்து ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்தால், அந்த இடத்தையும் விசாரிக்க வேண்டாமா? அங்கே உயர்மட்டச் சாலை அமைக்கும் பேச்சு வந்ததே இப்படிச் சாவுகள் ஒரே இடத்தில் குவிந்ததால்தான்.

நீங்கள் பார்த்த செல்போன் வேலை, ஐஐடி மெட்ராஸ் உதவியோடு 2021-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தொடங்கியது. போலீஸ் ஏற்றியதும் அது சாலைப் பொறியாளர், போக்குவரத்துத் துறை, மருத்துவமனை என்று போக வேண்டும். பொறியாளர் நேரில் வந்து பார்த்து, சாலையில் என்ன குறை என்று எழுத வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பகுதிதான்.

என் கோபம் வேறு இடத்தில். 500 மீட்டர் நீளத்துக்குள் 3 ஆண்டுகளில் மரணமோ படுகாயமோ உண்டான 5 விபத்துகள், இல்லாவிட்டால் 10 சாவுகள். இந்த எண்ணிக்கை வந்தால்தான் தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடம் ‘கரும்புள்ளி’. சாவு பத்தை எட்டாமல் நான்காவது விபத்தோடு நின்ற இடம் அந்தப் பட்டியலில் வராது. அதற்கு முன்னால் அங்கே எத்தனை வண்டிகள் உரசியிருக்கும்? சூளகிரி பக்கம் டெம்போ பைக்கைத் தட்டினால் கையில் நாலு நோட்டைத் திணித்து அனுப்பிவிடுகிறார்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் அது ஏறாது. அடுத்து நடக்கப்போவதைக் காட்டியிருக்கக்கூடிய தகவல் அதுதான்.

ஆகவே நம்மிடம் கணக்கு அதிகமாக இல்லை, குறைவாகத்தான் இருக்கிறது. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு நடை போய், உங்கள் ஊர் வழியாகப் போகும் சாலையில் நடந்த விபத்துகளுக்குப் பொறியாளர் என்ன எழுதினார் என்று மனுவில் கேளுங்கள். வரும் பதிலை எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அதையும்தான்.