பனிப்புயலுக்கு முன்னால் வீட்டிலேயே என்ன நொறுக்குத்தீனி செய்து வைக்கலாம்?

நாளை இரவு பனிப்புயல் என்று எச்சரிக்கை வந்திருக்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு, சட்டென்று செய்து வைக்கிற மாதிரி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். செய்முறை தேடுவதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள்: கரண்ட் போய்விட்டால் அதைச் சாப்பிட முடியுமா? சூடு பண்ண வேண்டியது, ஃப்ரிட்ஜில் மட்டுமே தாங்குவது, தின்று முடித்ததும் நாலு பாத்திரம் கழுவ வைப்பது, இதெல்லாம் எவ்வளவு ருசியாக இருந்தாலும் புயல் நாளுக்கு ஆகாது.

ஓவன் வேண்டிய வேலையை முதலில் முடித்துவிடுங்கள். என் ஓட்டு வறுத்த கொண்டைக்கடலைக்கு. ஊறவைத்து வேகவைத்ததோ டின்னில் வருவதோ, எதுவானாலும் சரி, தண்ணீரை வடித்துத் துணியில் பரப்பி ஈரம் போகத் துடைக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் உள்ளே ஈரம் நின்று ரப்பர் மாதிரி இழுக்கும். அப்புறம் ஒரு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் உப்பு, மிளகாய்த்தூள் போட்டுப் பிசறி 200 டிகிரி செல்சியஸில் 30 முதல் 40 நிமிடம், நடுவில் ஓரிருமுறை தட்டைக் குலுக்கிவிட்டால் போதும். ஒன்றை எடுத்து ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள், கடக்கென்று உடைய வேண்டும். முழுதாக ஆறின பிறகுதான் டப்பாவில் போட வேண்டும், சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து, காலையில் எல்லாம் நமுத்துப் போயிருக்கும்.

எதிலும் உப்பை மட்டும் அடக்கிப் போடுங்கள். உப்பு கூடினால் தாகம் கூடும், குழாய் உறைந்துவிட்டால் இருக்கிற தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர் பிடித்து வைப்பது நல்லது.

அடுப்பே தேவையில்லாதது ஓட்ஸ் உருண்டை. ஒரு கப் ஓட்ஸ், அரை கப் பீனட் பட்டர், மூன்றில் ஒரு பங்கு கப் தேன், ஒரு கைப்பிடி உலர்திராட்சை, எல்லாவற்றையும் பிசைந்து உருட்ட வேண்டியதுதான். உதிர்ந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் பீனட் பட்டர், கையில் ஒட்டினால் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு உருட்டுங்கள். பிள்ளைகளையே உருட்டச் சொன்னால் அவர்களுக்கும் பொழுது போகும். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால் தேன் சேர்த்த எதையும் கொடுக்கக் கூடாது, அது கண்டிப்பு. நாலு வயதுக்குக் கீழே இருந்தால் பாப்கார்ன், முழுப் பருப்பு வகைகள், ஏன், மேலே சொன்ன கடலையும்கூட வேண்டாம், தொண்டையில் சிக்கும். வெளியே வண்டி நகராத நாளில் அந்த ஆபத்து எதற்கு?

அவித்த முட்டை, நறுக்கிய பழம், சீஸ் எல்லாம் செய்து வைக்கலாம், ஆனால் அவைதான் முதலில் காலியாக வேண்டும். கரண்ட் போன பிறகு திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்திருக்கிற ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். அதனால் ஃப்ரீசரில் காலியாக இருக்கிற இடத்தில் எல்லாம் தண்ணீர் பாட்டில் வைத்து உறையவிடுங்கள் (கழுத்துவரை நிரப்பாதீர்கள், விரிந்து வெடிக்கும்). வெளியேதான் அத்தனை பனி கிடக்கிறதே, சாப்பாட்டை அதில் புதைத்து வைத்தால் என்ன என்று தோன்றும், வேண்டாம். வெயில் எட்டிப் பார்த்தால் சூடேறிவிடும், மிருகங்களும் கிளறும். அந்த உறைந்த பாட்டில்களை ஐஸ் பெட்டியில் போட்டு உணவை அதற்குள் வையுங்கள். இன்னொன்று, சூடாக ஏதாவது வேண்டும் என்று கரி அடுப்பை வீட்டுக்குள் பற்றவைத்துவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

செய்ததை ஒரே பெரிய டப்பாவில் கொட்டாமல் வேளைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் பசி இருக்கிறதோ இல்லையோ வாய் சும்மா இருக்காது, புயல் வந்து சேர்வதற்குள் பாதி போய்விடும். பெரியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.