பழைய அச்சு உருவப்படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது, ஏன்?

கோர்ன்ஹெர்ட்டின் படம்தான். யோசிக்கவே தேவையில்லை.

டிர்க் கோர்ன்ஹெர்ட் 16ஆம் நூற்றாண்டு டச்சு அறிஞர். படத்தை வரைந்தவர், இல்லை, வெட்டியவர் ஹார்லெம் நகரத்து ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ்.

முதலில் பென்சில் ஓவியம் என்றே நினைத்தேன். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் தளத்தில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கன்னத்தில் சாம்பல் நிறம் என்று ஒன்றுமே இல்லை. எல்லாம் கறுப்புக் கோடு, இடையில் வெள்ளைத் தாள், அவ்வளவுதான். நிழல் பக்கம் போகும்போது கோடு பருக்கிறது, வெளிச்சத்துக்கு வரும்போது மயிரிழையாகி மறைந்துவிடுகிறது.

இதற்குக் கருவி ஒரு சின்ன எஃகு உளி. அதன் பிடியை உள்ளங்கைக்குள் அடக்கி, செப்புத் தகட்டில் முன்னோக்கித் தள்ள வேண்டும். அந்தப் பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் அழுத்தினால் அதுதான் கோடு. ஆழமாகத் தள்ளினால் பள்ளம் அகலும், அச்சில் கோடு தடிக்கும். வளைவு வேண்டுமென்றால் கையைத் திருப்புவதைவிடத் தகட்டைத் திருப்புவார்கள். தவறாக வெட்டிவிட்டால் பென்சில் கோடு மாதிரி அழிக்க முடியாது. தேய்த்து, பின்பக்கம் தட்டிச் சமன் செய்து, மறுபடி வெட்ட வேண்டும். அதுவும் இடம் வலம் மாற்றி, அச்சில் படம் திரும்பிவிடும் அல்லவா! எனக்கு நேர்க்கோடே ஒழுங்காக வராது.

கோல்ட்சியஸின் வலது கை ஊனமான கை. குழந்தையாக இருந்தபோது நெருப்பில் விழுந்து, நரம்புகள் ஒட்டிப்போய், விரல்களை முழுதாக விரிக்க முடியாமல் போய்விட்டது என்று அவருடைய நண்பர் வான் மாண்டர் 1604இல் எழுதியிருக்கிறார். அந்தக் கையையே 1588இல் கோல்ட்சியஸ் பேனாவால் வரைந்தார். இப்போது ஹார்லெமில் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாதி மூடிய கை உளிப்பிடிக்கு வசதிதானே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான்.

சரி, ஏன் இந்தப் படம்? கோர்ன்ஹெர்ட் கோல்ட்சியஸின் குரு. அறிஞர் என்றதும் ஏட்டோடு மட்டும் வாழ்ந்தவர் என்று நினைக்க வேண்டாம். அவரே தகடு வெட்டிப் பிழைத்தவர். முப்பது வயதுக்கு மேல்தான் லத்தீன் படித்தார். பழைய ரோமானிய எழுத்தாளர் சிசரோவை டச்சில் கொண்டுவந்தார், 1586இல் ஒழுக்கவியல் பற்றி மக்கள் பேசும் டச்சிலேயே ஒரு நூல் எழுதினார். மதம் மாறுபட்டவன் என்பதற்காக ஒருவனைக் கொல்லக்கூடாது என்று கடைசி வரை வாதாடினார். சாகும் ஆண்டில்கூட லிப்சியஸ் என்ற அறிஞரோடு அதற்குத்தான் மல்லுக்கு நின்றார். சிறை, நாடுகடத்தல் இரண்டையும் பார்த்தவர். அப்படி ஜெர்மன் எல்லைப்பக்கம் ஒதுங்கியிருந்த நாட்களில்தான் இளைஞன் கோல்ட்சியஸுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

1590 அக்டோபர் கடைசியில் சீடர் இத்தாலிக்குக் கிளம்பினார். அதே மாதம் 29ஆம் தேதி ஹௌடா நகரில் குரு இறந்துவிட்டார். படத்தின் காலம் 1591-92 என்கிறார்கள். அப்படியென்றால் திரும்பி வந்து, ஆள் இல்லாத முகத்தைத்தான் வெட்டியிருக்கிறார்.

பார்க்கப் போனால் தாடியில் தொடங்காதீர்கள், அது கண்ணை இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குக் கீழே, கோடுகள் மெலிந்து காணாமல் போகிற இடத்தில் தொடங்குங்கள்.