ஹாப்ஸ் கொடி மூன்றடியோடு நின்றுவிட்டதா?

கேள்வி: தேன்கனிக்கோட்டையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். கேஸ்கேட் ரக ஹாப்ஸ் கொடி (பியருக்குக் கசப்பும் மணமும் தருவது இதன் பூதான்) மூன்றடி ஏறியதும் நாலைந்து பூ விட்டு அடங்கிவிட்டது. உரம் போதவில்லையா? பூ கிடைத்தால் வீட்டிலேயே பியர் காய்ச்சலாமா?

பதில்: உரத்தில் குறையில்லை, பகல்தான் போதவில்லை. ஹாப்ஸ் விளையும் நாடுகளில் கோடைப் பகல் 15, 16 மணி நேரம் நீளும். கொடி ஐந்தாறு மீட்டர் ஏறி, பகல் சுருங்கத் தொடங்கிய பிறகே பூக்கும். நம் பக்கம் ஜூன் மாதத்தில்கூட பகல் 13 மணி நேரத்தை எட்டாது. அதனால் கொடி குட்டையாக இருக்கும்போதே பூத்து ஓய்ந்துவிடுகிறது. இன்னும் உரம் போட்டால் இலைதான் தடிக்கும்.

இதற்கு மருந்து ஓசூர் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பாலிஹவுஸில் சாமந்தி சீக்கிரம் மொட்டுவிடாமல் இருக்க இரவில் பல்பு எரியவிடுவார்களே, அதே முறைதான். 9 வாட் வார்ம் ஒயிட் எல்இடியை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, கொடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மாட்டுங்கள். டைமரில் மாலை 6 முதல் இரவு 11 வரை வைத்தால் பகலோடு சேர்த்து 17 மணி நேரம் ஆகிவிடும். இலைமேல் செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சம் விழுந்தால் போதும். தொடர்ந்து சில இரவுகள் கரண்ட் போனால் கொடி மொட்டுக்குத் திரும்பிவிடும். ஆகவே இந்த லைனை இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள்.

இப்போதுள்ள கொடியைத் தரைக்கு இரண்டு விரல்கடை மேலே வெட்டிவிட்டு அன்றிரவே விளக்கைத் தொடங்குங்கள். புதுத் துளிர்களில் திடமான மூன்றை மட்டும் விட்டு, தேங்காய் நார்க் கயிற்றில் கடிகாரச் சுற்றில் சுற்றிவிடுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் அவிழ்ந்துவிடும். கொடி நாலு மீட்டரைத் தொட்டதும் விளக்கு நேரத்தை வாரம் ஒரு மணி நேரம் குறைத்து, இரவு 8 மணியில் நிறுத்துங்கள். பக்கக் கிளைகளின் கணுக்களில் ஊசி போன்ற வெள்ளை இழைகள் தெரிந்தால் பூ வந்துவிட்டது என்று பொருள்.

கொடி வளர்க்கக் குறைந்தது 50 லிட்டர் மண் பிடிக்கும் பை வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் மண் காரமேறி, இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளாகும். அதற்கு மழைநீர்தான் நல்லது. ஏப்ரல், மே வெயிலில் இலைக்கு அடியில் செஞ்சிலந்தி ஏறும்; இலையின் மேல்புறம் வெளிறிய புள்ளிகள் கண்டதுமே அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். கண்ணுக்கு வலை தெரியும்வரை காத்திருந்தால் பூவும் கெட்டுவிடும்.

பூவை அழுத்தினால் காகிதம்போலச் சரசரத்து மீண்டும் விரிய வேண்டும். கிழித்தால் உள்ளே மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். அதுதான் பறிக்கும் பக்குவம். நிழலில், மின்விசிறிக் காற்றில் நடுத்தண்டு ஒடியும்வரை உலர்த்தி, காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் வையுங்கள். நாய் வளர்ப்பவர்கள் ஒரு பூகூடக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: ஹாப்ஸைத் தின்ற நாய்க்கு உடல் சூடு கடுமையாக ஏறி உயிரே போகலாம்.

பியர் மட்டும் வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டுத் தேவைக்கென்றாலும் அப்படித்தான். கொதித்து இறக்கிய ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு கிராம் உலர்பூவை மூன்று நிமிடம் ஊறவிட்டு வடிகட்டி, குளிரவைத்து, எலுமிச்சையும் சோடாவும் சேர்த்துக் குடிக்கலாம். அதற்கு மேல் ஊறினால் கசப்பு தூக்கும்.