கூகை வந்தும் எலி வெட்டு குறையவில்லையே, ஏன்?

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கரில் சம்பா போட்டிருக்கிறேன். தூர் கட்டும்போதே எலி வெட்டு ஆரம்பித்துவிட்டது. வயல் நடுவே நாலைந்து பறவைக் குச்சி நட்டேன். ராத்திரியில் கூகை (ஓர் ஆந்தை வகை) வந்து உட்காருகிறது. வரப்பில் புரோமடியோலோன் என்ற எலி மருந்தும் வைத்திருக்கிறேன். ஆனாலும் வெட்டு நிற்கவில்லை. கூகை நிஜமாகவே எலி பிடிக்குமா? சாக்குருவி என்று சொல்லி அம்மா விரட்டச் சொல்கிறார்.

பதில்: வணக்கம் தம்பி. தயவுசெய்து கூகையை விரட்டாதீர்கள். அது உங்கள் வயலுக்கு வருவதே எலிக்காகத்தான். இரையைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும் பறவை அது. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியின் வனவிலங்கு ஆய்வாளர்கள் இந்த உருண்டைகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்ததில் பெரும்பங்கு எலி, சுண்டெலி எலும்புகள்தான். கூகை பகலில் தங்குகிற மரத்தடியில் தேடினால் உங்களுக்கும் உருண்டை கிடைக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, அந்த மண்டையோடுகளை அம்மாவிடம் காட்டுங்கள்.

குறை குச்சி நட்ட இடத்தில் இருக்கிறது. கூகை காதால் வேட்டையாடும் பறவை. ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் துளி வெளிச்சமில்லாத அறையில் இதைச் சோதித்தார். சருகு பரப்பிய தரையில் எலி ஓடிய சத்தத்தை வைத்தே கூகை பாய்ந்து பிடித்தது. எலிக்குப் பதில் காகித உருண்டையை நூலில் கட்டி இழுத்தபோது அதன் மேலும் பாய்ந்தது. ஒரு காதின் துளை மேலேயும் மற்றது சற்றுக் கீழேயும் இருப்பதால், சத்தம் வரும் உயரத்தைக்கூட அதனால் கணிக்க முடிகிறது. ஆனால் பயிர் அடர்ந்துவிட்டால் சத்தம் கேட்டாலும் கால் எலிக்கு எட்டாது. அதனால் வரப்புக்குப் பக்கத்தில், எலி வெட்டவெளியில் ஓடும் இடத்தில் குச்சி வேண்டும். பயிரைவிட ஓரிரு அடி உயரமாக, குறுக்குக் கட்டையோடு, ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நடுங்கள்.

அடுத்து மருந்து. புரோமடியோலோன் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அப்படிப்பட்ட எலிதான் கூகையிடம் முதலில் மாட்டும், மருந்தும் ஈரலில் தங்கியிருக்கும். மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி வைத்து வளர்த்தார்கள். இதே வகை மருந்துகள் புழக்கத்துக்கு வந்த இடங்களில் கூகைகள் குறைந்துபோயின. குச்சியும் வைத்து இந்த மருந்தும் வைத்தால் கூகைக்கு நாமே விஷம் ஊட்டுகிறோம் என்றுதான் அர்த்தம். மிச்ச மருந்தைக் கையுறை போட்டு எடுத்துவிடுங்கள். செத்த எலிகளை ஆழமாகப் புதையுங்கள்.

சிங்க் பாஸ்பைடு என்ற இன்னொரு எலி விஷத்துக்கு மாறலாமா என்று கேட்பீர்கள். அது ஆளுக்கும் ஆபத்து. தவிர, எலி புதுத் தீனியைக் கண்டால் கொஞ்சமாகத்தான் கடித்துப் பார்க்கும். உடம்புக்கு ஆகவில்லை என்றால் அப்புறம் அந்தப் பக்கமே போகாது. இரண்டு மூன்று நாள் வெறும் பொரியை வைத்துப் பழக்காமல் இந்த விஷத்தை வைத்தால் இதே கதைதான்.

என் யோசனை, தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறி. உங்கள் பக்கத்தில் இன்னும் கிட்டி வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுப் பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து ஒரே வாரத்தில் வையுங்கள். நீங்கள் மட்டும் பிடித்தால் பக்கத்து வரப்பு எலி உங்கள் வளைக்குக் குடிவந்துவிடும். கதிர் வருவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். எலியின் கர்ப்பம் மூன்று வாரம் அளவுதான், பயிர் முற்றும்போது குட்டிகள் பெருகிவிடும். அறுவடைக்குப் பிறகு வரப்பை ஓர் அடி அகலத்துக்குள் செதுக்கிவிடுங்கள். குறுகிய வரப்பில் எலியால் வசதியாக வளை தோண்ட முடியாது.

கூகை நிலையாகத் தங்க மரப்பொந்தோ பெட்டியோ வேண்டும். 2018 கஜா புயலில் உங்கள் பக்கம் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பது உங்களுக்கே தெரியும். அதனால் களத்து மேட்டில் 12 அடி உயரத்தில், இரண்டடி நீள மரப்பெட்டி ஒன்றை ஆறங்குல வாசலோடு வைத்துப் பாருங்கள். இந்தப் போகத்திலேயே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வயலில் நட்ட குச்சிகளை மட்டும் கதிர் வெளிவந்ததும் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் சிட்டும் சில்லையும் அதில் உட்கார்ந்து பால் மணியைக் கொத்தும்.