ஒரே கம்பெனி, இரண்டு கருத்து: பி.பி.ஓ. ஆஃபரை ஏற்கும் முன் எதைக் கேட்பது?

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன், ஊர் விழுப்புரம். சென்னை ஓ.எம்.ஆரில் இருக்கும் ஒரு பெரிய பி.பி.ஓ.வில், அதாவது வேறு கம்பெனிகளின் வேலையை வாங்கிச் செய்யும் அவுட்சோர்சிங் நிறுவனத்தில், அமெரிக்க வாய்ஸ் பிராசஸுக்கு (வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் பிரிவு) ஆஃபர் வந்திருக்கிறது. சி.டி.சி. (என் பேரில் நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் ‘நல்ல இடம், தைரியமாகச் சேரலாம்’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘தூக்கம் போச்சு, சொன்ன சம்பளமும் கைக்கு வரவில்லை’ என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இரண்டு தரப்பும் உண்மையைச் சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். அவுட்சோர்சிங் நிறுவனத்தில் உங்கள் வேலைநிலையைத் தீர்மானிப்பது கம்பெனியின் பெயரை விட, நீங்கள் உட்காரப்போகும் பிராசஸும் அதற்காக கிளையண்டோடு (வேலையை வெளியே கொடுக்கும் கம்பெனியோடு) போட்ட ஒப்பந்தமும்தான். ஒரே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இங்கிலாந்து இன்சூரன்ஸ் பேக் ஆபீஸ் நடக்கும். மதியம் வந்து இரவு பத்தரைக்கு வீடு திரும்புவார்கள். ஐந்தாம் மாடியில் அமெரிக்க மொபைல் பில்லிங் அழைப்புகள் விடிய விடிய ஓடும். இரு மாடிக்காரர்களும் ஒரே நிறுவனத்தைப் பற்றித்தான் கருத்துச் சொல்கிறார்கள்.

ஆகவே ஒரு கருத்தைப் படிக்கும்போது அதை எழுதியவர் எந்த பிராசஸ், எந்த ஷிஃப்ட், எத்தனை மாதம் இருந்தார், எப்போது எழுதினார் என்று பாருங்கள். இந்த நான்கும் இல்லாத கருத்தை, பாராட்டோ வசையோ, ஒதுக்கிவிடலாம். சேர்ந்த முதல் இரண்டு மூன்று மாதம் டிரெயினிங்கில் போகும். அப்போது எல்லோருக்கும் எல்லாமே நன்றாக இருக்கும். ‘டார்ச்சர்’ என்ற ஒற்றைச் சொல்லை விட, ‘சனிக்கிழமை கட்டாய ஓ.டி., பணம் இல்லை, காம்ப்-ஆஃப் மட்டும்’ என்ற வரி (ஓ.டி. என்பது கூடுதல் நேர வேலை, காம்ப்-ஆஃப் என்பது அதற்கு ஈடான விடுப்பு) உங்களுக்குப் பத்து மடங்கு உபயோகம்.

கிளையண்ட் எந்தக் கணக்கில் பணம் கொடுக்கிறார் என்பதை அறிந்தால் பாதிப் புகார்களின் வேர் புரிந்துவிடும். ஏஜெண்ட் லாகின் ஆகியிருக்கும் மணிக்கணக்குக்குக் கொடுத்தால், பிரேக் இரண்டு நிமிடம் நீண்டாலும் டீம் லீடர் வந்து நிற்பார். அழைப்பு எண்ணிக்கைக்குக் கொடுத்தால் வேகம்தான் எல்லாம். வசூல், விற்பனை போன்ற முடிவுக்குக் கொடுத்தால் உங்கள் சம்பளத்தில் இன்சென்டிவ் பங்கு கூடும், நிலையான பங்கு குறையும். ‘ஷிஃப்டுக்குக் கால் மணி நேரம் முன்பே வா’ என்பதும் இங்கிருந்து வருவதுதான். கம்ப்யூட்டரைத் திறந்து நான்கைந்து மென்பொருளுக்குள் நுழையும் நேரத்துக்கு கிளையண்ட் காசு தருவதில்லை என்றால், அந்தச் சுமை ஊழியர் தலையில் விழுகிறது. நாளுக்கு 15 நிமிடம், மாதம் 22 நாள் என்றால் ஐந்தரை மணி நேரம். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

வாய்ஸ் பிராசஸில் கட்டாயம் கேட்க வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று ஏ.எச்.டி., அதாவது ஒரு அழைப்பைப் பேசி, ஹோல்டில் வைத்து, குறிப்பு எழுதி முடிக்கும் சராசரி நேரம். மற்றது ஆக்குபன்சி, அதாவது லாகின் நேரத்தில் எத்தனை சதவீதம் அழைப்பு வேலையிலேயே கழிகிறது என்பது. ஏழரை மணி நேர லாகின், 6 நிமிட ஏ.எச்.டி., 85 சதவீத ஆக்குபன்சி என்றால் நாளுக்குச் சுமார் 64 அழைப்பு. மணிக்கு 9 நிமிடம் மூச்சு விடலாம். அதே இடத்தில் 95 சதவீதம் ஆனால் 71 அழைப்பு, மூச்சு விட 3 நிமிடம். ஏழு அழைப்புதானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் கோபமான ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்தவருக்கும் நடுவே இருந்த இடைவெளி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ‘ஆள் பற்றாக்குறை, அழைப்பு அடுக்கடுக்காக வருகிறது’ என்று சமீபத்திய கருத்துகள் பல சொன்னால், அங்கே ஆக்குபன்சி எகிறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷிஃப்ட் நேரத்தையும் துல்லியமாகக் கேளுங்கள். நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரத்தை மாற்றும்போது உங்கள் ஷிஃப்டும் கேப் நேரமும் ஒரு மணி நேரம் நகரும். ‘ரொட்டேஷனல்’ என்று எழுதியிருந்தால் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாறும் என்று கேளுங்கள். வாரம்தோறும் மாறுவது, நிலையான இரவு ஷிஃப்டை விட உடம்பைப் படுத்தும். விடுமுறை கிளையண்ட் நாட்டுக் காலண்டர்படி இருக்கலாம். ஆனாலும் தமிழ்நாட்டுச் சட்டப்படி நான்கு தேசிய விடுமுறையும் ஐந்து பண்டிகை விடுமுறையும் உண்டு; அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் போனால் இரட்டை ஊதியம்.

இப்போது ‘சம்பளம் சொன்னபடி இல்லை’ என்ற புகாருக்கு வருவோம். மாதம் 30,000 என்று மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 என்று வைத்துப் பாருங்கள். 3,60,000-இல் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 21,600 (மாதம் 1,800), கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்ற கணக்கில் 8,658. மருத்துவக் காப்பீடு 6,000, வேரியபிள் (நிபந்தனையை நிறைவேற்றினால் மட்டும் வரும் தொகை) 36,000 என்று காட்டியிருந்தால் மிச்சம் 2,87,742. மாதம் ஏறத்தாழ 23,980. அதில் உங்கள் பி.எஃப். 1,800, தொழில்வரி மாதக் கணக்கில் சுமார் 208 போனால் கைக்கு வருவது 22,000-ஐ ஒட்டித்தான். பி.எஃப். உங்கள் பணம், அதில் நஷ்டமில்லை. ஆனால் நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி ஐந்தாண்டுப் பணிக்குப் பிறகுதான். வேரியபிள் எந்த நிபந்தனையில் வரும், முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் லீவு போட்டால் மொத்தமும் போகுமா, கடந்த மூன்று மாதத்தில் அந்த டீமில் எத்தனை பேர் முழுத்தொகை வாங்கினார்கள் என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்வார்த்தைப் பதில் பிறகு நிற்காது.

அடுத்து, வெளியேறும் வழி. நோட்டீஸ் 30 நாளா, 90 நாளா? நிறுவனம் உங்களை நீக்கினாலும் அதே அளவா? பணம் கட்டி முன்பே விலக உங்களுக்கு உரிமை இருக்கிறதா, இல்லை ‘நிர்வாகம் விரும்பினால்’ என்று இருக்கிறதா? 90 நாள் நோட்டீஸ் இருந்தால் அடுத்த வேலை கிடைப்பதே சிரமம். டிரெயினிங் பாண்ட் (குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டும் ஒப்பந்தம்) இருந்தால் ‘சட்டப்படி செல்லாது’ என்று யாராவது சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டு வேலை செய்யாமல் விலகிய வங்கி அதிகாரி 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற ஒப்பந்த விதியைச் செல்லும் என்றது. உங்களுக்குக் கொடுக்கும் டிரெயினிங்குக்கும் தொகைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழைக் கேட்டால் சரிபார்க்கக் காட்டிவிட்டு, கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

பிராசஸ் மூடினால் என்ன ஆகும் என்பதையும் கேட்கத் தயங்காதீர்கள். கிளையண்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால் ஆட்களை வேறு பிராசஸுக்கு மாற்றுவார்கள்; இடம் இல்லையென்றால் ‘நீங்களாகவே ராஜினாமா கொடுத்துவிடுங்கள்’ என்பார்கள். ஒரு வருடம் முடித்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸும், பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் சட்டப்படி தர வேண்டும். ராஜினாமாவில் கையெழுத்துப் போட்ட மறுகணம் அந்த உரிமை கேள்விக்குறியாகிவிடும். அப்படி ஒரு நிலை வந்தால் அந்த இடத்திலேயே கையெழுத்திடாமல் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தையோ, ஐ.டி. ஊழியர் சங்கத்தையோ அணுகுங்கள்.

இரவில் கேப் உண்டா, எத்தனை கிலோமீட்டர் வரை, வாசல் வரை வருமா என்பதை அறை வாடகைக்குப் பிடிக்கும் முன்பே உறுதி செய்யுங்கள். தமிழ்நாட்டில் இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், பாதுகாப்பான போக்குவரத்தும் வேண்டும். நிறுவனம் தரும் கேபில் நடக்கும் பாலியல் தொல்லையும் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பணியிடத்தில் நடந்ததாகவே கருதப்படும். இதற்கென நிறுவனத்துக்குள் இருக்கும் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் எச்.ஆர். முழுப் பதில் தரமாட்டார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அலுவலக கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போங்கள். உங்கள் பிராசஸில் ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை இருக்கும் இரண்டு பேரிடம் பேசுங்கள். ஏற்கெனவே விலகிய ஒருவரையும் தேடிப் பிடியுங்கள். ‘கம்பெனி எப்படி?’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘போன மாதம் எத்தனை நாள் ஓ.டி.? லீவு கேட்டால் கிடைக்கிறதா? உங்கள் பேட்ச்சில் சேர்ந்தவர்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். விலகியவரிடம், கடைசிக் கணக்குப் பணம் எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள்: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகிய இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கி வந்துசேர வேண்டும்.